தண்ணி குடிக்கிற முத்து

பக்கற்றை வாங்கினது நான்தான். இதை முதலே சொல்லிவிடவேணும். ஏனென்றால் அந்த இரவு முழுக்கப் பேச்சு வாங்கினது என்னுடைய அக்கா.

போன வருஷம் ஊர்த் திருவிழா ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வீதியோரக் கடையில் பெறாமகனுக்காக வாங்கினேன். அவனுக்கு ஆறு வயது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் பை, உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, நிறநிறமான மணிகள். விலை ஒரு ஐஸ்கிறீமுக்கும் காணாது. பையில் சீன எழுத்து, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு வரி ஆங்கிலம். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. வீட்டுக்கு வந்து கிண்ணத்துத் தண்ணிக்குள் கொட்டினோம். பின்னேரம் போட்டது, படுக்கிற நேரம் பார்த்தால் ஒவ்வொன்றும் மாபிள் அளவில், ஒளி ஊடுருவிக்கொண்டு, தொட்டால் வழுக்கிக்கொண்டு கிடந்தது. பெறாமகனுக்குச் சொல்லமுடியாத சந்தோசம். எனக்கும்தான்.

அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, சவ்வரிசியே?" என்று கேட்டா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மூன்று நாள் கழித்து இரவு சின்னவள் சத்தி எடுக்கத் தொடங்கினாள். ஒரு வயதும் இரண்டு மாதமும். முதலில் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். மூன்றாம் தரம் எடுத்தபோது அக்கா நிலத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. மணிகளை எண்ணிப் பார்ப்போம் என்றால், வாங்கும்போது எத்தனை இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு சின்னப் பைக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டிலுக்குக் கீழே ஆறு கிடந்தது, கதவு மூலையில் இரண்டு. கணக்கு எந்தக் காலத்திலும் சரிவராத சாமான் அது.

1990க்கு அடிக்கவேணும் என்ற யோசனை ஒருத்தருக்கும் வரவில்லை. அத்தான் ஓட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. அத்தான் கடவுளே என்று பெருமூச்சு விட்டபோது, பணியில் இருந்த இளம் டொக்டர் எங்களை நிறுத்தினார். "உது தண்ணிதானே. தண்ணி படத்தில தெரியாது. ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும்" என்றார். ஸ்கானில் தெரிந்தது. குடலுக்குள் ஒரு வட்டம், உள்ளே வெறும் கறுப்பு. அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குச் சொல்லி வைத்துவிட்டு, பிள்ளைக்கு ஊசி வழியாகச் சேலைன் ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

காத்திருந்த இரண்டு நாளும் மலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். இங்கேதான் விசித்திரம். சின்னவளுக்குக் கட்டியிருந்தது பம்பேர்ஸ். பம்பேர்ஸ் கிழிந்தால் உள்ளிருந்து வெளியே வருவதும் இதே மாதிரி ஜெல்லித் துணுக்குகள்தான். எது மணி, எது பம்பேர்சின் சாமான் என்று அக்காவுக்குப் பிரித்தறிய முடியவில்லை. கடைசியில் அம்மம்மா வீட்டிலிருந்து பழைய வேட்டித் துணியைக் கிழித்து அனுப்பினா. இரண்டாம் நாள் விடிய அந்தத் துணியில்தான் அது வந்து விழுந்தது. நீல நிறம். கத்தி வைக்கத் தேவை வரவில்லை.

இந்த இரண்டு நாளும் வந்து பார்த்த சொந்தக்காரர் எல்லாரும் அக்காவிடம் ஒரே வசனத்தைத்தான் வேறுவேறு விதமாகச் சொன்னார்கள். "பிள்ளையை வச்சிருக்கிற ஆக்கள் கவனமா இருக்கவேணும்." வாங்கிக்கொண்டு வந்த என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. விற்ற கடை, செய்த கொம்பனி, எழுத்தில்லாத பை, இவை ஒன்றும் அந்தப் பேச்சுக்குள் வரவேயில்லை.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை, ஒரு பொருள் எங்கேயிருந்து எப்படி வந்தது என்று பின்னுக்குத் தேடிக்கொண்டு போவது. ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடியே போனில் தேடத் தொடங்கினேன்.

அக்கா பிரித்தறிய முடியாமல் தவித்தாவே, அதில் ஒரு பிழையும் இல்லை. பம்பேர்சுக்குள் இருப்பதும் மணியும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயர் பெற்ற பிறப்பிடங்களில் ஒன்று, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பியோரியா என்ற நகரம். அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சிலினைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடிக்க உதவிய அதே ஆய்வுகூடம். மிஞ்சிப் போகிற சோளத்தை என்ன செய்யலாம் என்பதுதான் அங்கே எப்போதும் கேள்வி. 1970களின் தொடக்கத்தில் சோள மாவையும் ஒரு செயற்கை வேதிப்பொருளையும் பிணைத்து, தன் எடையைவிடப் பல நூறு மடங்கு தண்ணியை இழுத்து வைத்திருக்கிற ஒரு பொருளைச் செய்தார்கள். அதற்கு வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் ஸ்லேர்ப்பர்', அதாவது உறிஞ்சிக் குடிப்பதில் மன்னன். விதைகளுக்கு மேல் பூசினால் ஈரம் நிற்கும், மணல் நிலத்தில் கலந்தால் தண்ணி ஓடாது என்பதுதான் முதல் கனவு. வரண்ட நிலத்துக்கான கண்டுபிடிப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கனவு நல்லாய் விளங்கும். இந்தியாவில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பிறகு 'பூசா ஹைட்ரோஜெல்' என்று செய்ததும் இதே நோக்கத்தோடுதான்.

பயிருக்கு வந்தது பிள்ளைக்குப் போனது. 1980களில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வகைச் செயற்கைப் பொருளை அணையாடைக்குள் வைக்கத் தொடங்கினார்கள். அதுவரை தலையணை மாதிரித் தடித்து இருந்த அணையாடை மெல்லியதானது. எங்கட ஊரில் எந்தக் கொம்பனி செய்தாலும் அதற்குப் பெயர் பம்பேர்ஸ்தான், அது வேறு கதை.

இடையில் ஒரு சம்பவம், பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 1980 செப்ரெம்பரில் 'ரிலை' என்ற ரம்போனை அமெரிக்கச் சந்தையிலிருந்து அதன் கொம்பனி திருப்பி எடுத்தது. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சும்படி செய்யப்பட்ட அந்தச் சாமானோடு உயிராபத்தான ஒரு தொற்றுநோய் தொடர்புபட்டிருந்தது. அதற்குள் இருந்த உறிஞ்சும் பொருள் வேறு வகை. ஆனாலும், உடம்புக்கு வெளியே நல்ல பிள்ளையாக இருக்கிற ஒன்று உடம்புக்குள் போனால் வேறு ஆளாகிவிடலாம் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது.

அது ஏன் அப்படித் தண்ணி குடிக்கிறது என்று ஒரு சின்ன விளக்கம். மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள், வலை மாதிரி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும். காய்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கும். தண்ணி பட்டதும் சங்கிலியில் இருக்கிற ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, வலை விரிந்துகொண்டே போகும், தண்ணி உள்ளே வந்துகொண்டே இருக்கும். முடிச்சு இருப்பதால் கரைந்தும் போகாது. உப்போ அமிலமோ இருந்தால் அந்தத் தள்ளல் குறையும். ஆகவே இரைப்பையின் அமிலத்துக்குள் அது அவ்வளவாக ஊதாது. சிறுகுடலுக்கு இறங்கியபிறகுதான் ஆறுதலாக ஊதத் தொடங்கும். ஒரு பிள்ளையின் சிறுகுடல் எவ்வளவு அகலம்? எங்கட டொக்டர் தன் சின்ன விரலைக் காட்டினார். மணி விழுங்கின பிள்ளை அன்றைக்கு விளையாடிக்கொண்டு திரியும், சத்தி வருவது பிறகு என்பதற்கும் இதுதான் காரணம்.

பயிர், அணையாடை, பூச்சாடி அலங்காரம் என்று போய்க்கொண்டிருந்த பொருள் விளையாட்டுச் சாமானாகிப் பெரிய அளவில் பரவியது 2010ஐ ஒட்டி. அமெரிக்காவில் 'ஓர்பீஸ்' என்ற பெயர் அப்போதுதான் பிள்ளைகளின் வாயில் நுழைந்தது. பிறகு யூரியூப்பில் குளிக்கிற தொட்டி நிறைய மணியைக் கொட்டிக் குதிக்கிற வீடியோக்கள். அதற்குப் பிறகு மணியைச் சுடுகிற துவக்குகள். 2020 ஊரடங்குக் காலத்தில் பள்ளிக்கூடமும் இல்லை முற்றமும் இல்லை என்று அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு, 'புலனறி விளையாட்டு' என்று சொல்லித் தாய்மாருக்கு இதைப் பழக்கிக்கொடுத்த வீடியோக்களும் கனக்க. அக்காவும் பார்த்திருக்கிறா. அந்த வீடியோக்களில் வருகிற பிள்ளைகள் பலருக்கு மூன்று வயதுகூட இராது.

இப்போது நான் வாங்கில் இருந்து வாசித்து நெஞ்சு அடைத்த பகுதிக்கு வருகிறேன்.

2012. ரெக்சாஸ் மாநிலத்தில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இந்த மாதிரி உருண்டை ஒன்றை விழுங்கியது. எக்ஸ்ரேயில் தெரியவில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். அந்த வருஷம் டிசெம்பரில் ஒஹாயோவில் இருக்கிற டியூன்கிராப்ற் என்ற கொம்பனி 'வோட்டர் போல்ஸ்' என்ற அந்தச் சாமானைத் திருப்பி அழைத்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கை. அதே 2012இல், எங்களுக்குக் கிட்டத்தில், லாகூரில் இருந்த குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ஒரு குழந்தையின் மரணத்தை மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். காரணம் ஜெல் உருண்டை. கட்டுரையின் தலைப்பிலேயே இது பெற்றோருக்கான எச்சரிக்கை என்று போட்டிருந்தார்கள்.

ஆக, எனக்குப் பத்துப் பதினொரு வயதாக இருக்கும்போதே இது தெரிந்த விஷயம். அமெரிக்காவில் தெரியும், பாகிஸ்தானில் தெரியும். பெற்றோருக்கு என்று எழுதப்பட்ட எச்சரிக்கை பெற்றோர் ஒருவரும் வாசிக்காத சஞ்சிகையில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தது. அது கிடந்த காலத்தில் மணிப் பை மட்டும் கப்பலேறி, கொழும்பு வந்து, யாழ்ப்பாணம் வந்து, திருவிழாக் கடையில் என் கைக்கும் வந்துவிட்டது.

தெரிந்திருந்த அமெரிக்காவிலும் அது நிற்கவில்லை. 2016 முதல் 2022 வரையான ஏழு வருஷத்தில் இந்த மணிகளால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களை அந்த நாட்டு நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணையம் கிட்டத்தட்ட 7,800 என்று மதிப்பிட்டது. 2022 நவம்பரில் மெய்ன் மாநிலத்தில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்று கடுமையாகப் பாதிக்கப்பட்டது. 2023 ஜூலையில் விஸ்கொன்சினில் பத்து மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அதற்குப் பிறகு செப்ரெம்பரில்தான் அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் இருந்த மணிப் பெட்டி, சுமார் 52,000 பெட்டி, திருப்பி அழைக்கப்பட்டது. அந்த வருஷ முடிவில் அமசன், வோல்மார்ட், ரார்கெற் மூன்றும் பிள்ளைகளுக்கென்று விற்கிற மணிகளை நிறுத்துவதாக அறிவித்தன. 2024 மார்ச்சில் ஆணையம் வேறு சில பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. அவற்றில் அக்ரிலமைட் என்ற நச்சு வேதிப்பொருள் அளவுக்கு மேல் இருந்தது. பைக்கு மேல் 'நச்சற்றது' என்று அச்சடித்திருப்பதை இனி நான் நம்பப்போவதில்லை. நச்சே இல்லாவிட்டாலும் அடைப்பு அடைப்புத்தான்.

ஐரோப்பாவின் விளையாட்டுப்பொருள் தரத்தில் ஒரு விதி இருக்கிறது. வாய்க்குள் போகக்கூடிய சின்னச் சாமான் தண்ணியில் ஊறினால் எந்தப் பக்கத்திலும் ஐம்பது வீதத்துக்கு மேல் பெருக்கக்கூடாது. பாதி மடங்கு. எங்கட கிண்ணத்தில் இருந்தது பல மடங்கு. ஆனால் அதே மணியைப் 'பூச்சாடி அலங்காரம்', 'செடி வளர்ப்பு' என்று பேர் போட்டு விற்றால் விளையாட்டுப்பொருள் விதி அதைத் தொடாது. எங்கட பக்கத்தில் கலியாண மண்டப மேசையில் கண்ணாடிக் குவளைக்குள் இருப்பதும் இதுதான். பிள்ளைக்கு 'அலங்காரம்' என்ற சொல் தெரியுமோ?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. வடக்கிலே 2018 ஜூலையிலிருந்து 1990 அம்புலன்ஸ் ஓடுகிறது. அமைப்பு இல்லாத நாடு என்று சொல்லமுடியாது. ஆனால் வீதியோரத்துச் சின்னப் பை இந்த அமைப்புகள் ஒன்றின் கண்ணிலும் படுவதில்லை.

பிள்ளைக்கு ஆபத்தான சாமான் எங்கட வீடுகளுக்குப் புதிதில்லை. இதில் அம்மம்மாவிடம் கேட்ட கதைகள் எனக்கு எந்தக் கட்டுரையையும்விட உதவின.

குண்டுமணியை எடுங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு, பார்த்தால் எடுக்கத் தோன்றும். தட்டார் பொன் நிறுத்த மணி, களிமண் பிள்ளையாருக்குக் கண். அதற்குள் இருக்கிற நஞ்சு மிகக் கொடியது. தோல் கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் தப்பலாம், கடித்தால் ஆபத்து. இதை அம்மம்மா மருத்துவப் புத்தகத்தில் படிக்கவில்லை. "கடிக்கக்கூடாது" என்று அவவின் தாய் சொன்னது. வேலியோரத்து மஞ்சள் அலரிக்காய்க்கும் அப்படித்தான். புளியங்கொட்டையை மூக்குக்குள் விட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. காதுக்குள் கடலை, பயறு போனால் தண்ணி விடாதே, ஊறிப் பெருக்கும் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். காது மூக்கு டொக்டர்மாரும் இன்றைக்கு வரை அதையேதான் சொல்கிறார்கள். தண்ணி மணி காதுக்குள் போனாலும் அதேதான் சட்டம்: சொட்டு மருந்துகூட விடக்கூடாது. காதுக்குள் ஊதிக் கேள்விப் புலனைக் கெடுத்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், அம்மம்மாவுக்கு இந்த மணியின் இயல்பு முழுக்கத் தெரியும். ஊறிப் பெருக்கும் என்பது தெரியும், அடைக்கும் என்பது தெரியும். அவவுக்குத் தெரியாமல் இருந்தது, கிண்ணத்தில் இருப்பது பயறா, சவ்வரிசியா, பிளாஸ்ரிக்கா என்பது மட்டும்தான். கேட்டதற்கு நாங்கள் சிரித்தோம்.

மண்ணெண்ணெய் இன்னொன்று. சோடாப் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவைக்க, தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடிக்கும். எத்தனையோ காலம் இலங்கை ஆஸ்பத்திரிகளுக்கு நஞ்சேறி வந்த பிள்ளைகளில் பெரிய பங்கு இது. ஆபத்து வயிற்றில் இல்லை, நெஞ்சில். சத்தி எடுக்க வைத்தால் எண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடும். அதனால் சத்தி எடுக்க வைக்காதே என்பது மெல்ல மெல்ல ஊருக்கும் தெரியவந்தது. அப்போதும் பேச்சு வாங்கியது தாய்தான் என்று சொல்லவேண்டியதில்லை.

மண்ணெண்ணெய் விளக்கு அதைவிடப் பெரிய கதை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் இல்லை. அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தக் காலத்து ஜாம் போத்தல் விளக்கை இப்பவும் செய்து காட்டுவா. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் ரியூப்பின் வால்வு வழியாக ஒரு நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும். காற்றும் அணைக்காது, ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு இரவு படிக்கலாம். "தட்டுப்பட்டு விழுந்தாலும் ஊத்துப்படாது, எண்ணெய் பஞ்சுக்குள்ள நிக்கும்" என்று அம்மா சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கிற ஒரு பொருள், அந்த வீட்டில் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. எண்ணெய் இல்லாத கொடுமையால் வந்த பாதுகாப்பு, அதைப் பெருமையாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

தெற்கிலே எண்ணெய் இருந்தது. வெற்றுப் போத்தலில் எண்ணெயை நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டுத் திரி வைத்த குப்பி விளக்குகள் ஏழை வீடுகளில் எங்கும் இருந்தன. உயரமான, பாரமில்லாத போத்தல். பிள்ளை தட்டினால் விழும், உருளும், மூடி கழரும், எண்ணெய் சிந்தித் தீப்பிடிக்கும். விஜய கொடகும்புர என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், எரிகாயத்தோடு வருகிறவர்களுக்கு மருந்து கட்டிக்கொண்டே இருந்தவர், 1992 அளவில் விளக்கைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். அவருக்கு மாதிரியாக அமைந்தது மாமைற் போத்தல்! கட்டையானது, பாரமானது, இலேசில் விழாது. அதைப் பார்த்துத் தடித்த கண்ணாடியில், விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கமும் தட்டையாக, திருகி இறுக்குகிற உலோக மூடியோடு ஒரு விளக்கைச் செய்வித்தார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இந்த மனிதரை நினைக்கும்போது எனக்கு அக்காவின் முகம்தான் வருகிறது. அவரும் வார்டில் நின்றபடி ஒவ்வொரு தாயிடமும் "கவனமா இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் போத்தலின் வடிவத்தை மாற்றப் போனார். பிள்ளை தட்டத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டு, தட்டினால் என்ன நடக்கும் என்பதை மாற்றினார். மணிகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை தாய்தகப்பனைப் பார்த்து எழுதப்பட்டவை. மணியைச் செய்கிறவனைப் பார்த்து எழுதினது கொஞ்சம்.

எங்கட இணுவிலில் 1898இல் திறந்த மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே தொடங்கப்பட்டது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மேரி, மாகிரற் லீச் என்ற சகோதரிகள் வெளிநாடுகளில் காசு சேர்த்தார்கள். இசபெல்லா கர் என்ற பெண் டொக்டர் இங்கே நீண்டகாலம் வேலை செய்தார். பக்கத்து மானிப்பாயில் அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். 1875இல் வந்த அவருடைய இரசாயனவியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அந்தச் சொல் நிலைக்கவில்லை, எனக்கு அதில் ஒரு ஆசை. வெளியிலிருந்து வருகிற ஒரு பொருளுக்கு, அது வந்த உடனேயே தமிழில் ஒரு பெயரும் விளக்கமும் வேணும் என்று இந்த வட்டாரத்தில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். எங்கட திருவிழாக் கடை மணிக்கு இன்றைக்கு ஒரு பெயர் இல்லை. பெறாமகன் 'ஜெல்லி முத்து' என்றான். கடைக்காரர் 'மஜிக் பந்து' என்றார். ஸ்கான் அறையில் அக்கா கையை விரித்து, "அந்தத் தண்ணில போட்டா பெருக்கிற சாமான்" என்றா. அவ்வளவு அவசரத்தில், ஒரு தாய் டொக்டரிடம் ஒரே சொல்லில் சொல்லமுடியாத பொருள் அது. எங்கட டொக்டருக்கு உடனே விளங்கியது எங்கட அதிஷ்டம்.

ஆகவே, இதை வாசிக்கிறவர்களின் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இந்தச் சில விஷயத்தை மட்டும் வீட்டாக்களிடம் சொல்லிவையுங்கள். விழுங்கினதைக் கண்டாலோ, சந்தேகம் வந்தாலோ, சத்தி வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்கவேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையையும் மிஞ்சின மணியையும் கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால், மணி என்ற விஷயத்தைத் திரும்பவும் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சத்தி, வயிறு உப்பல், சாப்பாட்டைத் தள்ளுவது, மலம் போகாமல் இருப்பது, இவை வந்தால் நேரம் கடத்தக்கூடாது.

இன்னொன்று. உப்பில் மணி சுருங்கும் என்று மேலே எழுதினேன். எறிய முதல் உப்பைக் கொட்டிச் சுருங்கவைப்பது நல்லது. அதை வைத்து விழுங்கின பிள்ளைக்கு உப்புத்தண்ணி பருக்கிவிடாதீர்கள், அது தனி ஆபத்து.

எங்கட கிணற்றுத் தண்ணி இதில் ஒரு வேடிக்கை காட்டியது. யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறுகிற தண்ணி, கேத்தலின் அடியில் வெள்ளை படிகிற தண்ணி. கல்சியம் அந்த மூலக்கூற்று வலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் தரம் கிணற்றுத் தண்ணியில் போட்டபோது மணிகள் சரியாக ஊதவில்லை. பையில் இருந்த படத்தைக் காட்டி, இவ்வளவு பெரிசாக வரவேணும் சித்தி என்று பெறாமகன் அழுதான். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் வந்த பிரச்சினைக்குப் பிறகு எங்கட வீட்டில் குடிக்கிறதுக்கு வடிகட்டின தண்ணி வாங்குகிற பழக்கம். அந்தக் கானிலிருந்து ஒரு கிண்ணம் ஊற்றி, புதுசாக ஒரு பிடி மணி போட்டுக் கொடுத்ததும் நான்தான். இதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வா.

சின்னவள் இப்போது ஓடித் திரிகிறாள். அக்கா மிச்ச மணியெல்லாவற்றையும் உப்புப் போட்டு, ஒரு ரின்னில் இறுக்கி மூடி எறிந்துவிட்டா. எல்லாம் என்றுதான் நினைத்தோம். பொங்கலுக்கு வீடு கழுவின அன்று அலுமாரிக்கு அடியில் தண்ணி ஓடினது. அடுத்த நாள் காலை விளக்குமாற்றோடு அம்மம்மா குனிந்தபோது, அந்த ஈரத்துக்குள் பச்சை நிறத்தில் இரண்டு கிடந்தன. மாதக்கணக்கில் கடுகு மாதிரிக் காய்ந்து சுருங்கிக் கிடந்தவை, ஒரு இரவில் திரும்பப் பெருத்திருந்தன. அம்மம்மா இந்த முறை சவ்வரிசியா என்று கேட்கவில்லை. இரண்டையும் பொறுக்கி உப்புச் சிரட்டைக்குள் போட்டுவிட்டு, அலுமாரியை இழுக்க அத்தானைக் கூப்பிட்டா.